லேப்டாப் ஆன் ஆகுது, திரை மட்டும் கருப்பு: போர்டா, பேனலா, வேறெதுவுமா?

#1 கருப்புத்திரை

வணக்கம். 15.6 இன்ச் லேப்டாப், 2020-ல் வாங்கினது. இன்டெல் 10-ம் தலைமுறை ஐ5, ரேம் 8 ஜிபி (4 போர்டிலேயே ஒட்டினது, 4 ஸ்லாட்டில்). தனி கிராஃபிக்ஸ் சிப் இல்லை. பவர் பட்டனை அழுத்தினா விளக்கு எரியுது, ஃபேன் சுத்துது. திரை முழுக் கருப்பு, கம்பெனி லோகோகூட வரல. கடையில் ரெண்டு நிமிஷம் பாத்துட்டு மதர்போர்டு போச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. உண்மையிலேயே போர்டுதானா? மல்டிமீட்டரும் சின்ன ஸ்க்ரூடிரைவர் செட்டும் கைவசம் இருக்கு.

#2 பெஞ்ச்லைட்

எதையும் கழட்டாதீங்க, எதையும் வாங்காதீங்க. திரை கருப்புங்கிறது ஒரே கோளாறு இல்லை. குறைஞ்சது நாலு இருக்கு: போர்டு போஸ்ட்டே (ஆன் ஆனதும் போர்டு தன்னைத்தானே சோதிச்சுக்கிறது) ஆகாம நிக்கிறது, போஸ்ட் ஆகி பேனலுக்குப் படம் போகாதது, படம் போயும் பேக்லைட் (பேனலுக்குப் பின்னால எரியுற விளக்கு) எரியாதது, எல்லாம் சரியா இருந்து விண்டோஸ் டிரைவர் சொதப்புறது. ரெண்டு நிமிஷத்தில் எது எதுன்னு பிரிச்சிடலாம். இதுக்கு மட்டும் பதில் எழுதுங்க:

அ. ஆன் பண்ணி ஒரு நிமிஷம் விட்டு கேப்ஸ் லாக் அழுத்துங்க. விளக்கு மாறி மாறி எரியுதா? இல்லை, நீங்க தொடாமலே தானா மினுக்குதா?

ஆ. எச்டிஎம்ஐ வழியா டிவியோ மானிட்டரோ மாட்டிட்டு ஆன் பண்ணுங்க. படம் வருதா? வந்தா லோகோவில் இருந்தே வருதா, விண்டோஸ் ஏறின பிறகுதானா? ரெண்டுமே இல்லைன்னா விண்டோஸ் + பி (P) அழுத்தி, கீழ் அம்பு ஒரு தடவை, என்டர். அதுக்கும் ஒரு தடவை பாருங்க.

இ. அறை விளக்கை அணைச்சிட்டு மொபைல் டார்ச்சைத் திரையில் ஒட்டினாப்ல சாய்வா அடிங்க. மங்கலா ஐகானோ எழுத்தோ தெரியுதா?

ஈ. இது வர்றதுக்கு முன்னாடி யாராவது பின்மூடியைக் கழட்டினாங்களா? தண்ணி, டீ எதுவும் கொட்டுச்சா? கடைசி கேள்விக்குத்தான் முக்காவாசி பேர் மறைச்சுப் பதில் சொல்றாங்க. :)

#3 கருப்புத்திரை

அ. கேப்ஸ் லாக் நான் அழுத்தும்போது மட்டும் மாறுது.
ஆ. டிவியில் லோகோ வரல. 30 செகண்டு கழிச்சு விண்டோஸ் லாகின் வருது. டிவியை வச்சு எல்லாம் வேலை செய்யுது.
இ. ஆமா! லாகின் படம் மங்கலா தெரியுது. முன்னாடி கவனிக்கவே இல்லை.
ஈ. தூசி எடுக்கப் பின்மூடியைக் கழட்டினது போன வாரம். ஃபேன் வெளிய வர்றதுக்காக அதுக்கு மேல போன திரை கேபிளைப் பிடுங்கி மறுபடி மாட்டியிருக்கு. அப்புறம்தான் இப்படி.

#4 பெஞ்ச்லைட்

நினைச்சது சரி. போர்டு சாகலை. ப்ராசசர், ரேம், பயாஸ் (போர்டை எழுப்புற அடிப்படை மென்பொருள்), வட்டு நாலும் வேலை செய்யாம விண்டோஸ் லாகின் வராது. டார்ச்சில் படம் தெரியுதுன்னா பேனலுக்கு 3.3 வோல்ட்டும் போகுது, ஈடிபி (போர்டில் இருந்து பேனலுக்குப் படம் போற இணைப்பு) சிக்னலும் போகுது. மிச்சம் பேக்லைட் ஒண்ணுதான்.

டிவியில் லோகோ வராததைக் குறையா எடுத்துக்காதீங்க. நிறைய மாடல்களில் போஸ்ட் நேரத்துப் படம் உள்திரைக்கு மட்டும்தான் போகும். அதனால "எச்டிஎம்ஐ-ல வரல, அப்ப போர்டு அவுட்"னு உடனே முடிவு கட்டுற கடைக்காரரை நம்பாதீங்க.

ஒரு கேள்வி: கேபிளைப் பிடுங்கும்போது பேட்டரி கனெக்டரைக் கழட்டியிருந்ததா?

#5 கருப்புத்திரை

இல்லை. ஷட்டௌன் பண்ணி, சார்ஜரை மட்டும் எடுத்திருந்தது.

#6 கீல்மேஸ்திரி

பேக்லைட்னு தெரிஞ்சபிறகு என்ன யோசனை, பேனலை மாத்திடுங்க. எல்இடி வரிசையும் அதை ஓட்டுற டிரைவர் ஐசியும் ரெண்டும் பேனலுக்கு உள்ளேயே இருக்கு. பேனல் வாங்கும்போது லேப்டாப் மாடலைச் சொல்லி வாங்காதீங்க, ஒரே மாடலில் மூணு நாலு விதப் பேனல் போட்டிருப்பான். பெசலை (திரையைச் சுத்தியிருக்கிற சட்டம்) கழட்டி, பேனல் முதுகில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் எண்ணைப் பாருங்க. என்டி156, பி156, என்156 இந்த மாதிரி ஆரம்பிக்கும். அதில் 156-ங்கிறது 15.6 இன்ச். கடைசியில் வர்ற எழுத்து வரைக்கும் குறிச்சுக்கணும்.

பாக்க வேண்டியது: கனெக்டர் 30 பின்னா 40 பின்னா. சாதா 60 ஹெர்ட்ஸ் பேனல் 30 பின். 120, 144 ஹெர்ட்ஸ், அப்புறம் பேனலோடயே சேர்ந்த டச் இருக்கிறது எல்லாம் 40 பின்தான் வரும். கனெக்டர் இருக்கிற பக்கம் வலதா இடதா, பக்கவாட்டில் ஸ்க்ரூ காது இருக்கா இல்லையா, இதையும் பாருங்க. காது இல்லாத பேனலை டேப் வச்சுத்தான் ஒட்டியிருப்பான்.

இன்னொண்ணு. 1366 x 768 இருந்த இடத்தில் ஆசைப்பட்டு 1920 x 1080 போடுறவங்க கேபிளையும் மாத்தணும். எச்டி கேபிள் பலதில் ஒரே ஒரு டேட்டா லேன்தான் (படத் தரவு போற கம்பி ஜோடி) இழுத்திருப்பான், ஃபுல் எச்டிக்கு ரெண்டு லேன் வேணும். பேனல் நல்லாவே இருந்தாலும் படம் வராது. அப்புறம் "டூப்ளிகேட் பேனல் குடுத்துட்டான்"னு சண்டை.

#7 மைக்ரோஆம்ப்

கீல்மேஸ்திரி சொன்ன பேனல் விவரம் அத்தனையும் சரி. ஆனால் இந்த லேப்டாப்புக்கு இப்போது பேனல் வாங்கச் சொல்வது அவசரம். #5-ஐப் படியுங்கள். பேட்டரி இணைப்பில் இருக்கும்போது திரை கேபிள் பிடுங்கப்பட்டிருக்கிறது. இந்த ஒரு வரியே கோளாறைச் சொல்லிவிடுகிறது.

30 பின் ஈடிபி கனெக்டரின் வழக்கமான அமைப்பு இது. 12, 13: பேனல் லாஜிக்குக்கு 3.3 வோல்ட். 17: ஹாட் பிளக் சிக்னல். 18 முதல் 21 வரை: பேக்லைட் கிரவுண்டு. 22: பேக்லைட் எனேபிள் (விளக்கை எரியவிடும் சிக்னல்). 23: பிரகாசத்துக்கான பிடபிள்யூஎம். 26 முதல் 29 வரை: பேக்லைட் பவர். இந்தக் கடைசி நாலு பின்னில் வருவது போர்டின் பிரதான மின்தடம், ஏறக்குறைய பேட்டரி வோல்டேஜ். 3 செல் பேட்டரி வைத்த புதிய போர்டுகளில், அடாப்டர் மாட்டியிருந்தாலும் பெரும்பாலும் 12, 13 வோல்ட்தான் இருக்கும். பழைய வடிவமைப்பு என்றால் 19 வோல்ட்.

ஷட்டௌன் செய்தாலும் பேட்டரி இணைந்திருக்கும் வரை அந்தத் தடத்தில் மின்சாரம் இருக்கும். சில போர்டுகள் பேக்லைட் பவரைத் தனி மாஸ்ஃபெட் வைத்து அணைக்கும், சிலவற்றில் நேரே ஃபியூஸ் மட்டும். அந்த நிலையில் கனெக்டரைச் சாய்வாக இழுத்தாலோ சொருகினாலோ உலோக உறை பவர் பின்னைத் தொடும். உறை கிரவுண்டு. ஃபியூஸ் போய்விடும். பின் இடைவெளி 0.5 மில்லிமீட்டர்தான், கை எவ்வளவு நிதானமானாலும் பயனில்லை.

ஃபியூஸ் போவது அதிர்ஷ்டமான முடிவு. அதே 12 வோல்ட் டேட்டா லேன் பக்கம் தாவியிருந்தால் கதை வேறு. ஈடிபி லேன்கள் இடையில் சிறு கெப்பாசிட்டர் தவிர வேறெதுவும் இல்லாமல் ப்ராசசருக்கே போகின்றன. அவை தாங்குவது ஒரு வோல்ட் சுற்றுவட்டாரம். அங்கே 12 வோல்ட் ஏறினால் ப்ராசசர் போச்சு, ப்ராசசர் போர்டோடு ஒட்டியது என்பதால் போர்டும் போச்சு.

ஆகவே வரிசை: முதலில் ஃபியூஸ், பிறகு எனேபிள், பிறகு பிடபிள்யூஎம். மூன்றும் சரியாக இருந்து விளக்கு எரியவில்லை என்றால்தான் கேபிள், பேனல்.

#8 கீல்மேஸ்திரி

ஒத்துக்கிறேன், #5-ஐக் கவனிக்கல. ஆனா மூடி சென்சாரையும் சேத்துக்குங்க. கீபோர்டு ஓரத்தில் காந்தத்தை உணர்ற ஹால் சென்சார், பெசலில் காந்தம். பின்மூடி கழட்டினவங்க கைபட்டு சென்சார் போர்டோட ரிப்பன் கேபிள் நழுவி, மூடி சாத்தியிருக்குன்னு போர்டு நினைச்சுக்கும். காந்தப் பட்டை வச்ச கைக்கடிகாரம், காந்தம் வச்ச மொபைல் கவர் பக்கத்தில் இருந்தாலே திரை அணையும்.

#9 பெஞ்ச்லைட்

மூடி சென்சார்னா விண்டோஸ் பேனலையே அணைச்சிடுமே, டார்ச்சில் படம் தெரியாதே?

#10 மைக்ரோஆம்ப்

முழுதாக அப்படிச் சொல்ல முடியாது. சில போர்டுகளில் மூடி சிக்னல் எனேபிள் கோட்டை நேரடியாகவே இழுத்துப் பிடிக்கும். மூடினால் எதுவும் செய்யாதே என்று விண்டோஸில் அமைத்திருந்தால் படம் ஓடிக்கொண்டே இருக்கும், விளக்கு மட்டும் அணையும். எனேபிள் வோல்டேஜை அளந்தால் வாதமே தேவையில்லை.

கருப்புத்திரை, அளக்கும் முறை:

1. பேட்டரி கனெக்டரைக் கழட்டிவிட்டு, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். தேங்கிய மின்சாரம் வடியட்டும்.

2. திரை கேபிள் போர்டில் சேரும் இடத்துக்கு ஓரிரு சென்டிமீட்டருக்குள் பாருங்கள். 1.6 மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு செவ்வகம், போர்டில் எஃப் என்று தொடங்கும் எண் அச்சிட்டிருக்கும். உடல் வெள்ளை அல்லது பச்சை, மேலே ஒற்றை எழுத்து இருக்கலாம். மீட்டரை கண்டின்யூட்டியில் வைத்து இரு முனையையும் தொடுங்கள். நல்ல ஃபியூஸ் பீப் அடிக்கும், ஏறக்குறைய 0 ஓம் காட்டும்.

3. பீப் இல்லை என்றால், கனெக்டர் பக்க முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளவு எடுங்கள். ஸ்க்ரூ துளையைச் சுற்றிய செம்பு வளையம் கிரவுண்டு. கேபிள் மாட்டிய நிலையில் ஒரு தடவை, கழட்டிய நிலையில் ஒரு தடவை.

4. வோல்டேஜ் அளக்க மட்டும் பேட்டரியை மாட்டி ஆன் செய்யுங்கள். கருப்பு முனையை ஸ்க்ரூ துளையில் ஊன்றிவிட்டு, ஒரு கையால் சிவப்பு முனையை மட்டும் நகர்த்துங்கள். கனெக்டர் பின்னில் நேரடியாக முனை வைக்கக் கூடாது. வழுக்கினால் மேலே சொன்னதை நீங்களே செய்துவிடுவீர்கள். ஃபியூஸ் முனையிலோ பக்கத்துக் கெப்பாசிட்டரிலோ மட்டும் வையுங்கள்.

எனேபிள் 3.3 வோல்ட் சுற்றி இருக்க வேண்டும். பிடபிள்யூஎம்-ஐ டிசி மீட்டர் சராசரியாகவே காட்டும்: பிரகாசம் முழுதாக இருந்தால் 3.3-க்கு அருகே, பாதி என்றால் 1.6 போல. பிரகாச விசையை அழுத்த அழுத்த எண் மாறினால் கிராஃபிக்ஸ் பக்கம் ஒழுங்கு.

#11 ரேம்குச்சி

குறுக்கிடுறதுக்கு மன்னிக்கணும். இங்கேயும் கருப்புத் திரைதான், ஆனா டார்ச்சில் ஒண்ணும் தெரியல, எச்டிஎம்ஐ-லயும் இல்லை. புதுசா ஒரு ரேம் போட்டதில் இருந்து. கேப்ஸ் லாக் தானா மினுக்குது: 3 நீளம், 2 குறுகல், இடைவெளி, மறுபடி.

#12 பெஞ்ச்லைட்

உங்களுது வேற கதை. அது போஸ்ட்டே ஆகலை. மினுக்கலை எண்ணினது நல்ல காரியம், பாதிப் பேர் "ஏதோ மினுக்குது"ன்னு விட்டுடுவாங்க.

எச்பி லேப்டாப்பில் 3 நீளம் 2 குறுகல்னா, நினைவகத்தைத் தயார் பண்ணி முடிக்கலைன்னு அர்த்தம். 3 நீளம் 3 குறுகல் வந்தா கிராஃபிக்ஸ். டெல்லில் பேட்டரி விளக்கு மஞ்சளும் வெள்ளையுமா மினுக்கும்: 2 மஞ்சள் 1 வெள்ளை ப்ராசசர், 2-3 ரேமே தெரியல, 2-4 ரேம் கெட்டுப்போச்சு, 2-7 திரை. மத்த பிராண்டுன்னா அந்த மாடலோட சர்வீஸ் மேனுவலில் பட்டியல் இருக்கும். டெல் வச்சிருக்கிறவங்களுக்கு இன்னொரு வசதி: டி (D) விசையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே பவர் பட்டனை அழுத்தினா, பேனல் தனியா வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம்னு நிறம் மாத்திக் காட்டும். நிறம் வந்தா பேனலும் கேபிளும் நல்லா இருக்கு. போர்டைச் சோதிக்க எம் விசை.

நீங்க பண்ண வேண்டியது: பேட்டரியைக் கழட்டுங்க, பவர் பட்டன் 30 செகண்டு. புது ரேமை எடுத்துட்டுப் பழசை மட்டும் போட்டு ஆன் பண்ணுங்க. வந்தா புதுசை மட்டும் அதே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்க. ரேமை 30 டிகிரி சாய்வா, தங்கப் பல் கண்ணுக்குக் கிட்டத்தட்டத் தெரியாம போற அளவுக்கு உள்ளே தள்ளி, அப்புறம்தான் கீழே அமுக்கணும். ரெண்டு பக்கக் கிளிப்பும் டக்குனு விழணும். இந்தக் கோளாறில் முக்காவாசி, அரைகுறையா சொருகினதுதான்.

பல்லை ரப்பர் வச்சுத் தேய்ப்பாங்க. தேய்க்கலாம், மென்மையான வெள்ளை ரப்பர், நீளவாக்கில் ரெண்டு இழுப்பு, துகளை ஊதிட்டு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சிடணும். பேனா அழிக்கிற நீல ரப்பர் வேண்டாம், தங்கப் பூச்சையே உரிச்சிடும்.

#13 மைக்ரோஆம்ப்

இரண்டு கூடுதல் விவரம். 4-ம், 5-ம் தலைமுறை இன்டெல் லேப்டாப்கள் பெரும்பாலும் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் மட்டுமே ஏற்கும். 1.5 வோல்ட் டிடிஆர்3 அதே 204 பின் ஸ்லாட்டில் சொகுசாக உட்காரும், ஆனால் போஸ்ட் ஆகாது. ஸ்டிக்கரில் பிசி3எல் என்று இருக்கிறதா, பிசி3 என்று மட்டும் இருக்கிறதா பாருங்கள்.

டிடிஆர்5 என்றால் பொறுமை வேண்டும். ரேம் மாற்றிய பிறகு முதல் தடவை ஆன் செய்யும்போது போர்டு நினைவகப் பயிற்சி (புது ரேமுக்கேற்பத் தன் அமைப்பைச் சரிசெய்துகொள்வது) செய்யும். சில நிமிடம் திரை கருப்பாகவே இருக்கும். பதறிப்போய் நடுவில் பவரை நிறுத்தினால் முதலில் இருந்து ஆரம்பிக்கும். பத்து நிமிடம் சார்ஜரோடு விட்டுவிடுங்கள்.

#14 ரேம்குச்சி

பழசு மட்டும் போட்டா வருது. புதுசில் பிசி3-12800னு இருக்கு, பழசில் பிசி3எல்-12800. விஷயம் இதுதான் போல. திருப்பிக் கொடுத்துடுறேன், நன்றி.

#15 சுடுகாற்று

முதல் கேள்விக்கு: ஹேர் டிரையர் வச்சு போர்டை நல்லா சூடு பண்ணினா படம் வந்துடும்னு வீடியோ இருக்கே. செலவில்லாத வேலை.

#16 மைக்ரோஆம்ப்

செய்யாதீர்கள். அந்த வைத்தியம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் ஏன் கூடாது என்பதும் தெரியும். 2007, 2008 காலத்து லேப்டாப்களில் என்விடியா கிராஃபிக்ஸ் சிப்கள் பரவலாகச் செயலிழந்தன. சூடேறித் தணிந்து சூடேறித் தணிந்து, சிப்பின் சிலிக்கானுக்கும் அதன் அடித்தட்டுக்கும் நடுவே உள்ள நுண் இணைப்புகள் விரிசல் விட்டன. 2008 ஜூலையில் அந்த நிறுவனமே இதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அந்தச் சிப்பைச் சூடேற்றினால் விரிசல் தற்காலிகமாக ஒட்டி, சில நாளோ சில வாரமோ ஓடும். பிறகு மறுபடி போகும். சரியான தீர்வு சிப்பையே மாற்றுவதுதான்.

இந்த இழையில் கேட்டவருக்குத் தனி கிராஃபிக்ஸ் சிப்பே இல்லை, படமும் உருவாகிறது. சூடேற்றினால் பிளாஸ்டிக் கனெக்டர் உருகும், பேட்டரி வீங்கும். அவ்வளவுதான் பலன்.

#17 நீலவட்டம்

இதே தலைப்பில் கேட்கலாம்னு நினைக்கிறேன். லோகோ வருது, சுத்துற புள்ளி வருது, அப்புறம் கருப்பு. மவுஸ் அம்பு மட்டும் நகருது. விண்டோஸ் 11, அப்டேட்டுக்குப் பிறகு.

#18 கட்டளைவரி

லோகோ வருதுன்னா ஸ்க்ரூடிரைவரை உள்ளே வைங்க, இது முழுக்க மென்பொருள்.

முதலில் விண்டோஸ் + கண்ட்ரோல் + ஷிஃப்ட் + பி (B), நாலையும் சேர்த்து. கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி எழும், ஒரு பீப் வரலாம். படம் வந்தா டிரைவர் கோளாறுன்னு உறுதி.

வரலைன்னா கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப். டாஸ்க் மேனேஜர் திறந்தா, புது டாஸ்க் ஓட்டுற இடத்தில் எக்ஸ்ப்ளோரர் டாட் இஎக்ஸ்இ-ன்னு ஆங்கிலத்தில் அடிச்சு என்டர். டெஸ்க்டாப் வந்துட்டா, டெஸ்க்டாப்பைக் காட்டுற நிரல் மட்டும் செத்திருந்தது, டிரைவர் இல்லை.

ரெண்டும் இல்லைன்னா சேஃப் மோடு. புள்ளி சுத்தும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைங்க. இப்படி அடுத்தடுத்து ரெண்டு மூணு தடவை பண்ணினா, அதுக்கடுத்த தடவை தானாவே மீட்புத் திரைக்குப் போகும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், எண் 4. உள்ளே போனதும் டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர், பிராபர்ட்டீஸ், டிரைவர் தாவல், ரோல் பேக். அந்தப் பட்டன் மங்கலா இருந்தா அன்இன்ஸ்டால். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸிலேயே கடைசி அப்டேட்டை நீக்குற வசதியும் இருக்கு.

இதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இதைக் கவனிக்காம மாட்டிக்கிறவங்கதான் அதிகம்: பிட்லாக்கர். வட்டு பூட்டியிருந்தா மீட்புத் திரை 48 இலக்க எண் கேட்கும். புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைஞ்சாலே நீங்க கேட்காமலேயே பூட்டு விழுந்திருக்கலாம். மொபைலில் உங்க மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து அந்த எண் இருக்கான்னு முதல்ல பாருங்க. பயாஸ் ரீசெட் பண்றவங்களுக்கும், போர்டு மாத்துறவங்களுக்கும் இதே எச்சரிக்கை. திரை சரியாகி, ஃபைல் போச்சுன்னா என்ன பிரயோசனம்?

லினக்ஸ்காரங்க: கிரப் பட்டியலில் இ விசை, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரியோட கடைசியில் ஒரு இடம் விட்டு நோமோட்செட்-னு ஆங்கிலத்தில் சேர்த்து கண்ட்ரோல் + எக்ஸ். படம் வந்தா கர்னல் டிரைவர்தான் காரணம்.

#19 நீலவட்டம்

சேஃப் மோடில் ரோல் பேக் பண்ணினேன், வந்துடுச்சு. பிட்லாக்கர் எண் கேட்டது, நீங்க சொன்னதால் முன்கூட்டியே எடுத்து வச்சிருந்தேன்.

#20 கருப்புத்திரை

அளந்தாச்சு. திரை கனெக்டருக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு ஃபியூஸ். பீப் அடிக்கல, மீட்டர் ஓஎல் (இணைப்பே இல்லைன்னு அர்த்தம்) காட்டுது. ஆன் பண்ணி அளந்தா ஒரு முனையில் 12.4 வோல்ட், கனெக்டர் பக்க முனையில் 0.1. கனெக்டர் பக்கத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையில் கேபிள் மாட்டியிருந்தாலும் கழட்டியிருந்தாலும் கிலோஓம் கணக்கில்தான் இருக்கு, ஷார்ட் இல்லை. எனேபிள் எங்கே அளக்கிறதுன்னு கண்டுபிடிக்க முடியல. ஃபியூஸ் இடத்தில் ஒரு செம்புக் கம்பி இழை வச்சு ஒட்டிடலாமா?

#21 மைக்ரோஆம்ப்

நல்ல அளவுகள். ஃபியூஸ்தான். சுமைப் பக்கம் ஷார்ட் இல்லாததால் பேனலும் கேபிளும் தப்பித்திருக்க வாய்ப்பு மிக அதிகம். எனேபிளை இப்போது தேட வேண்டாம். ஃபியூஸ் போட்டபின் எரியாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

கம்பி வேண்டாம். 15.6 இன்ச் பேனலின் பேக்லைட் முழுப் பிரகாசத்தில் இழுப்பது 4 வாட் அளவு. 12.4 வோல்ட்டில் அது 0.3 ஆம்பியர் கொஞ்சம். ஃபியூஸ் 1.5 முதல் 3 ஆம்பியர் வரை போட்டிருப்பார்கள், ஆன் ஆகும் கணத்து உந்தலுக்கும் சேர்த்து. ஆகவே நல்ல சுமையில் அது எந்நாளும் போகாது. போனால் எங்கோ ஷார்ட். கம்பி வைத்துவிட்டால் அடுத்த ஷார்ட்டில் உருகப்போவது போர்டின் உள்ளடுக்குச் செம்புத் தடம். அல்லது கீலுக்குள் இருக்கும் கேபிள், மனித முகத்துக்கு எதிரே.

போர்டில் அச்சிட்ட எண்ணை வைத்து, அந்தப் போர்டின் சர்க்யூட் வரைபடத்தில் ஃபியூஸ் அளவைப் பாருங்கள். லேப்டாப் மாடல் எண் வேறு, போர்டு எண் வேறு. தேட வேண்டியது போர்டு எண். 0603 அளவு (1.6 மில்லிமீட்டர் நீளம்), அதே ஆம்பியர், வோல்டேஜ் மதிப்பு 24-க்குக் குறையாமல். பழைய செத்த போர்டில் இருந்து எடுத்தாலும் சரி.

ஒட்டுவதற்கு மைக்ரோஸ்கோப்பும் ஹாட் ஏரும் வேண்டும். உங்களிடம் இல்லை என்றால் மொபைல் சர்வீஸ் கடைக்குப் போர்டைக் கொண்டு போங்கள். அவர்கள் தினமும் இதைவிடச் சிறிய பாகங்களை மாற்றுகிறார்கள். ஃபியூஸைச் சுட்டிக்காட்டி இதை மாற்றுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள், கோளாறு கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள்.

#22 கீல்மேஸ்திரி

கேபிளைத் திரும்பப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு முனையையும் வெளிச்சத்தில் பாருங்க. 26 முதல் 29 வரைக்கும் உள்ள பின்னில் கருப்புத் தீய்ச்சல் இருந்தா கேபிளை மாத்திடுங்க, சுத்தம் பண்ணி ஓட்டாதீங்க. மாட்டும்போது கேபிள் தலையைப் போர்டுக்கு இணையா படுக்க வச்சு, ரெண்டு பெருவிரலால் சம அழுத்தமா தள்ளணும், மேல இருந்து அமுக்கக் கூடாது. மேல ஒரு இரும்புக் கொண்டி இருந்தா கடைசியில் அதைச் சாத்தி, டேப்பை ஒட்டுங்க.

#23 பயாஸ்ப்ளாஷ்

அளவு எடுக்கிற விஷயம் வந்ததால். ஃபேன் சுத்துது, கேப்ஸ் லாக் வேலை செய்யல, ரேம் மாத்தியும் வரல, மினுக்கலும் இல்லை. அப்ப போர்டா பயாஸா எப்படிப் பிரிக்கிறது?

#24 பெஞ்ச்லைட்

பெஞ்ச் பவர் சப்ளை இருந்தா பேட்டரியைக் கழட்டிட்டு 19 வோல்ட் கொடுத்து ஆம்பியரைப் பாருங்க. மாடலுக்கு மாடல் மாறும், எண்ணைவிட அசைவுதான் முக்கியம். பட்டனை அழுத்தின பிறகும் 0.02-லேயே நின்னா பவர் வரிசையே தொடங்கல. 0.3, 0.4 வரைக்கும் ஏறி ஆணி அடிச்சாப்ல நின்னா ரேம் அல்லது பயாஸ். 0.5-க்கும் 1.5-க்கும் நடுவில் ஏறி இறங்கி ஆடினா போஸ்ட் ஓடுது, கோளாறு திரைப் பக்கம். மூணு நாலு செகண்டில் அணைஞ்சு மறுபடி தானா ஆன் ஆகி, அப்படியே சுத்திக்கிட்டு இருந்தா, அதுவும் பயாஸ் அப்டேட் பாதியில் நின்ன பிறகுன்னா, பயாஸ் கெட்டிருக்கு.

கழட்டாமலே முயற்சி பண்ணலாம். எச்பி: விண்டோஸ் + பி (B) அழுத்திப் பிடிச்சு, பவர் பட்டனை 2, 3 செகண்டு. பவர் பட்டனை விட்டாலும் மத்த ரெண்டையும் விடாதீங்க. டெல்: கண்ட்ரோல் + எஸ்கேப் பிடிச்சுக்கிட்டு சார்ஜரைச் சொருகுங்க. சிமாஸ் செல்லையும் (போர்டில் இருக்கிற காசு வடிவ பேட்டரி) பாருங்க, சிஆர்2032, புதுசில் 3 வோல்ட்டுக்கு மேல காட்டும். பேட்டரியையும் இதையும் கழட்டி பத்து நிமிஷம் விட்டு மாட்டினாலே சிலது எழுந்திருக்கும்.

#25 மைக்ரோஆம்ப்

புரோகிராமர் (சிப்பில் நேரடியாக எழுதும் கருவி) வைத்து பயாஸை எழுதப்போகிறவர்களுக்கு: பயாஸ் இருப்பது 8 கால் சிப்பில், எண் 25 வரிசை. சிப் எண்ணை முழுதாகப் படித்துவிட்டுத்தான் கிளிப்பைப் போட வேண்டும். டபிள்யூ25க்யூ128எஃப்வி 3.3 வோல்ட், டபிள்யூ25க்யூ128எஃப்டபிள்யூ 1.8 வோல்ட். ஓர் எழுத்துதான் வித்தியாசம், 1.8 சிப்புக்கு 3.3 கொடுத்தால் முடிந்தது. மலிவான கருப்புநிற சிஎச்341ஏ பலகைகளில் சப்ளை 3.3 ஆக இருந்தாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வரும். அதைத் திருத்திய பிறகே பயன்படுத்துங்கள்.

எழுதும் முன் பழையதை இரண்டு முறை படித்துச் சேமித்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். 128 மெகாபிட் சிப் என்றால் ஃபைல் சரியாக 16 எம்பி. ஒன்றாக இல்லையென்றால் கிளிப் சரியாக உட்காரவில்லை. அந்தப் பழைய ஃபைலில்தான் உங்கள் சீரியல் எண்ணும் விண்டோஸ் உரிமச் சாவியும் இருக்கின்றன. இணையத்தில் எடுத்த வேறொருவர் ஃபைலை அப்படியே எழுதினால் லேப்டாப் எழும், ஆனால் அவர் லேப்டாப்பாக எழும்.

#26 கருப்புத்திரை

வரைபடத்தில் 2 ஆம்பியர், 0603. மொபைல் கடையில் செத்த போர்டில் இருந்து எடுத்துப் போட்டுக் கொடுத்தாங்க, பத்து நிமிஷ வேலை. கேபிள் முனையில் தீய்ச்சல் இல்லை. பேட்டரியைக் கழட்டி வச்சு கேபிளை மாட்டி, அப்புறம் பேட்டரி. இப்ப ஃபியூஸ் ரெண்டு முனையிலும் 12.4. லோகோ வருது, விண்டோஸ் வருது, பிரகாச விசையும் வேலை செய்யுது. ஒரே ஒரு சந்தேகம்: கீழ் ஓரத்தில் மட்டும் நடுவில் ஒரு விரற்கடை அளவுக்கு இருட்டா இருக்கு. முன்னாடி இருந்ததான்னு ஞாபகம் இல்லை.

#27 கீல்மேஸ்திரி

எல்இடி பட்டை கீழ் ஓரத்தில்தான் ஓடும். ஒரு வரிசையே போயிருந்தா சீரான இடைவெளியில் பல இடத்தில் இருட்டா தெரியும். நடுவில் ஒரே இடம்னா பெசலை அமுக்கும்போது பேனல் ஓரம் நசுங்கியிருக்கும், இல்லை பின்னால கேபிள் மடிஞ்சு பேனலைத் தள்ளிக்கிட்டு இருக்கும். பெசலைக் கழட்டி, கேபிளை அதோட பள்ளத்தில் உட்கார வச்சுட்டு வெள்ளைப் படம் ஒண்ணு போட்டுப் பாருங்க. கேபிளைத் தொடுறப்ப பேட்டரி கழட்டியே இருக்கணும்.

#28 கருப்புத்திரை

கேபிள்தான் பள்ளத்தில் உட்காராம மடிஞ்சிருந்தது. இப்ப இருட்டு இல்லை.